எடுப்பு யார் கையில்?

இசை மென்பொருளிடம் பேசி வேலை வாங்கும் காலம் வந்துவிட்டது. ‘மூன்றாவது டிராக்கில் இருக்கும் டிரம் லூப்பைப் போடு, பாஸை நிறுத்து’ என்று தட்டச்சு செய்தால், செயற்கை நுண்ணறிவு அந்தக் கிளிப்பைத் தேடிப்பிடித்து ஓடவிடுகிறது. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் செயற்கை நுண்ணறிவை மற்ற மென்பொருள்களோடு இணைக்கும் ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது. அதைப் பயன்படுத்தி ‘ஏபிள்டன் லைவ்’ மென்பொருளுக்கு இப்படிப்பட்ட இணைப்புகளை நிரலாளர்கள் எழுதி, எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி திறந்த மூலமாகவே வைத்திருக்கிறார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் முடிகிற வேலைக்கு இவ்வளவு சுற்று எதற்கு என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான்.

பெர்லினைச் சேர்ந்த ஏபிள்டன் நிறுவனம் லைவின் முதல் பதிப்பை 2001இல் வெளியிட்டது. ஒலிப்பதிவுக்கு மட்டுமல்லாமல் மேடையில் வாசிப்பதற்கும் ஏற்ற மென்பொருள் என்பதுதான் அதன் தனித்தன்மை. திரையில் கட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கிளிப்பை, அதாவது ஒரு இசைத்துண்டை, வைக்கலாம். ஒன்றைத் தட்டினால் அது உடனே ஒலிக்காது. ‘பார்’ எனப்படும் அடுத்த தாளச் சுற்று தொடங்கும்வரை பொத்தான் மின்னிக்கொண்டிருக்கும். பார் பிறந்ததும் தாளம் பிசகாமல் உள்ளே வரும். மென்பொருளின் இயல்பான அமைப்பு இதுவே. டெம்போ 120, பாருக்கு நான்கு பீட் என்றால், ஒரு பார் 2 விநாடி.

செயற்கை நுண்ணறிவால் கிளிப்பை இயக்க முடிவதே இந்தக் காத்திருப்பின் தயவில்தான். மின்னணு இசைக்கருவிகளை இணைக்க 1983இல் வந்த மிடி இணைப்பு விநாடிக்கு 31,250 பிட் வேகம் கொண்டது. ஒரு சுரத்தை ஒலிக்கச் சொல்லும் செய்தி சுமார் ஒரு மில்லிவிநாடியில் போய்ச் சேர்ந்துவிடும். மொழி மாதிரியிடம் சொன்னால், அது வாக்கியத்தைப் படித்து, எந்தக் கட்டளை என்று தேர்ந்து, மென்பொருளுக்கு அனுப்பிவைக்கச் சில விநாடிகள்கூட ஆகலாம். அதே கோரிக்கைக்கு இப்போது ஆகும் நேரமும் அடுத்த முறை ஆகும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை. பார் எல்லை இந்தத் தடுமாற்றத்தை மறைத்துவிடுகிறது. ஆனால், எல்லையைக் கண்ணிமைப்பில் தவறவிட்டால் முழுதாக ஒரு பார் தாமதம். ஸ்டூடியோவில் அது பொருட்டில்லை. மேடையில் அந்த 2 விநாடி மிகப் பெரிது.

தாமதத்தைவிட நுணுக்கமான சிக்கல்கள் உள்ளே இருக்கின்றன. நாம் முதல் டிராக் என்பதை நிரல் பூஜ்யம் என்று எண்ணும். இந்த இணைப்புக் கருவி அதைச் சரியாக மாற்றிக்கொள்ளாவிட்டால், பக்கத்து டிராக் ஒலிக்கும். காலிக் கட்டம் இன்னும் மோசம்: லைவில் வெறும் கட்டத்துக்கும் நிறுத்து பொத்தான் உண்டு. அதை ‘இயக்கினால்’ அந்த டிராக்கில் ஓடிக்கொண்டிருந்த கிளிப் நின்றுபோகும். ஓர் எண் பிசகியதற்கு விலை, பாட்டின் நடுவே மௌனம். ‘கிளிப் ஓடுகிறது’ என்று கருவி சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பார் வரக் காத்திருப்பதும் உண்மையில் ஒலிப்பதும் மென்பொருளின் கணக்கில் இரு வேறு நிலைகள். கட்டளை போய்ச் சேர்ந்ததையே வேலை முடிந்ததாக அறிவிக்கும் கருவியை நம்பி மேடை ஏற முடியாது.

மாதிரிகள் வேகமெடுத்தால் இதெல்லாம் சரியாகிவிடாதா? தாமதம் குறையலாம், எண் குழப்பம் தீரலாம். ஆனால், இந்த இணைப்புகளின் வழியே போய்வருவது எழுத்துதான்: டிராக் பெயர், கட்ட எண், டெம்போ, சுரங்களின் பட்டியல். ஸ்பீக்கரில் எழும் ஒலி அந்த மாதிரியின் காதுக்கு எட்டுவதே இல்லை. பாடுபவர் மூச்சை இழுப்பதைப் பார்த்தே, இவர் பல்லவிக்குத் திரும்பவில்லை, இன்னொரு சுற்று போகப்போகிறார் என்று கீபோர்டு வாசிப்பவர் கையை எடுத்துக்கொள்கிறார். அந்த முடிவு கேட்பதிலும் பார்ப்பதிலும் பிறக்கிறது. கேட்காத ஒன்றிடம் எடுப்பை, அதாவது தொடங்கும் தருணத்தை, ஒப்படைப்பது, கேள்விஞானம் இல்லாதவரிடம் தாளத்தைக் கொடுப்பது போல.

அதற்காகக் கருவியையே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ‘டிரம் என்று பெயருள்ள கிளிப்புகளை எட்டெட்டு பாராக வரிசையில் போட்டுக் காட்டு’ என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக் கேட்பது பெரிய சௌகரியம். நாற்பது டிராக் கொண்ட பாட்டில் பெயரிடுவது, அடுக்குவது போன்ற கைவேலையை இயந்திரம் பார்த்துக்கொள்ளட்டும். பார்வையற்ற கலைஞர்களுக்கு இதன் பயன் இன்னும் அதிகம். திரைவாசிப்பான் ஆதரவு லைவில் 2024இல் வந்த 12ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. சின்னச் சின்னக் கட்டங்களைச் சுட்டியால் துரத்த முடியாதவர்களுக்கு, சொல்லி வேலை வாங்கும் வழி அவசியத் தேவை.

ஆகவே, இவற்றை உருவாக்குபவர்களுக்கு மூன்று யோசனைகள். முதலாவது, கிளிப்பை இயக்கும் முன் அதன் பெயரைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். வெறும் எண்ணை நம்பக் கூடாது. இரண்டாவது, ‘காத்திருக்கிறது’, ‘ஒலிக்கிறது’ என்ற இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும். மூன்றாவது, ஒத்திகை நிலை, மேடை நிலை என்று இரண்டு வைத்து, மேடை நிலையில் இயக்கும் அதிகாரத்தை மாதிரியிடமிருந்து எடுத்துவிட வேண்டும். அது கிளிப்புகளை அடுக்கித் தயாராக வைக்கட்டும். ஓடவிடுவது கலைஞரின் காலடியில் இருக்கும் பெடலாகவோ கைக்கெட்டும் பொத்தானாகவோ இருக்கட்டும்.

தாளம் தப்பினால் ரசிகர் மென்பொருளைக் குறை சொல்லப்போவதில்லை; மேடையில் நிற்பவரைத்தான் சொல்வார். பழியை ஏற்பவர் கையில்தான் எடுப்பும் இருக்க வேண்டும்.