‘ஃபர்ஸ்ட் கமிட்’ என்று எழுதியது நான்தான்

நம்ம கிளப்போட சிம்போசியம் ரெஜிஸ்ட்ரேஷன் சாஃப்ட்வேரை கிட்ஹப்ல திறந்து பார்த்தவர்கள், அதை முழுக்க எழுதியது நான்தான் என்று நினைத்திருப்பீர்கள். 214 ஃபைல், எல்லாவற்றுக்கும் பக்கத்தில் என் பேர். ‘பிளேம்’ பட்டனை அழுத்தினால் வரிக்கு வரி என் பேர். உண்மை என்னவென்றால், அந்த முதல் கமிட்டில் ஒரு வரி கூட நான் எழுதியது இல்லை. அதில் பாதி எழுதப்பட்டபோது நான் ஸ்கூல்ல அரைப்பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டு இருந்தேன்.

நடந்தது இதுதான். அந்த கோட் எல்லாம் நெட்வொர்க் லேப் மூலையில் இருந்த ஒரு பழைய டெஸ்க்டாப்பில், எஸ்.வி.என். சர்வரில் இருந்தது. சப்வெர்ஷன். நம்மில் பாதிப் பேர் அந்தப் பேரை சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் நோட்ஸில் மட்டும் பார்த்திருப்போம். நான் செகண்ட் இயர் படிக்கும்போது கிளப்பில் ஒரு முடிவு: “எல்லாரும் கிட்டுக்கு மாறியாச்சு, நாம மட்டும் ஏன் இன்னும் இதைக் கட்டிக்கிட்டு அழணும்?” பொறுப்பு என்னிடம் வந்தது. ஒரு சாயங்காலம் உட்கார்ந்தேன். கடைசி வெர்ஷனை பென் டிரைவில் காப்பி பண்ணி, புது ரெப்போ திறந்து, மொத்தத்தையும் உள்ளே போட்டு, ‘ஃபர்ஸ்ட் கமிட்’ என்று எழுதி, புஷ். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. குரூப்பில் கைத்தட்டல் எமோஜியா வந்து குவிந்தது. நானும் பெருமையாத்தான் இருந்தேன்.

அடுத்த வருஷ சிம்போசியத்துக்கு ஒரு மாசம் முன்னாடி கோடை ‘சுத்தம்’ பண்ண ஆரம்பித்தேன். சர்டிஃபிகேட் பிரின்ட் ஆகும் இடத்தில், ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவே இரண்டு செகண்ட் சும்மா காத்திருக்கும்படி ஒரு வரி இருந்தது. கமென்ட் இல்லை, காரணம் இல்லை. வேகத்தைக் குறைக்கிறதே என்று தூக்கிவிட்டேன். சிம்போசியம் அன்றைக்கு மதியம் மூணு மணிக்கு பிரின்டர் சர்டிஃபிகேட்களை வரிசை மாத்தித் துப்ப ஆரம்பித்தது. வெளியூர் காலேஜ் பசங்க பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கியூவில் நிற்க, நாங்கள் தரையில் உட்கார்ந்து பேர் வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தோம்.

இதெல்லாம் முடிந்து இரண்டு வாரத்தில், நான்கு பேட்ச் சீனியரான ஒரு அக்கா லிங்க்ட்இன்னில் மெசேஜ் அனுப்பியிருந்தார். “தம்பி, நம்ம பழைய ரெப்போ இப்போ எங்க இருக்கு? வேலை மாறப் பாக்கறேன், நான் பண்ண வேலைக்கு லிங்க் கேக்கறாங்க.” சர்டிஃபிகேட்டில் தமிழ்ப் பெயர் ஒழுங்காக வருவதற்குக் காரணமே அவர்தான். பி.டி.எஃப். லைப்ரரிக்கு நம் எழுத்தைக் கோர்க்கத் தெரியாது. ‘கொ’ என்று கொடுத்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் ஒரு புள்ளி வட்டம் என்று வரும். அதை ஒரு செமஸ்டர் லீவு முழுக்க உட்கார்ந்து சரி பண்ணியவர். நான் லிங்க் அனுப்பினேன். அரை மணி நேரம் பதில் இல்லை. அப்புறம் ஒரே வரி: “எல்லாம் உன் பேர்ல இருக்கேப்பா.”

வழிந்துகொண்டே பிரின்டர் கதையையும் சொன்னேன். “அந்த ரெண்டு செகண்ட் எதுக்குன்னு கமிட் மெசேஜ்ல நாலு வரி எழுதியிருந்தேனே, பாக்கலையா?” என்று கேட்டார். எங்கே போய் பார்ப்பது?

அன்றைக்கு ராத்திரி ஆரம்பித்த தேடல்தான் இந்தக் கட்டுரை. மற்றவர்கள் எல்லாம் பழைய சிஸ்டத்தை எப்படி ஓய்வுக்கு அனுப்பினார்கள் என்று படிக்க ஆரம்பித்தேன். அதில் என்னை உட்கார வைத்தது ஜி.சி.சி. கதை.

ஜி.சி.சி. யாருக்கும் புதுசில்லை. ஃபர்ஸ்ட் இயர் சி லேபில் கறுப்புத் திரையில் நாம் திட்டிக்கொண்டே டைப் செய்த அதே கம்பைலர். 1987ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் முதன்முதலில் வெளியிட்டது. அதன் கோட் ஒரு காலத்தில் சி.வி.எஸ்.ஸில் இருந்தது, 2005ல் எஸ்.வி.என்.னுக்கு வந்தது, 2020 ஜனவரியில் ஒரு வாரக் கடைசியில் கிட்டுக்குப் போனது. அந்த வாரக் கடைசிக்குப் பின்னால் பல வருஷ இழுபறி இருக்கிறது. எரிக் ரேமண்ட் இதற்காக ரெப்போசர்ஜன் என்ற தன்னுடைய கருவியை எடுத்து வந்தார். ஜி.சி.சி.யில் இருந்தது ஏறக்குறைய 2,80,000 கமிட். பைத்தானில் எழுதியிருந்த அந்தக் கருவி இவ்வளவு பெரிய சரித்திரத்தை விழுங்க முடியாமல் திணறியது. அவர் என்ன செய்தார்? கருவி மொத்தத்தையும் கோ மொழியில் திரும்ப எழுதினார். இன்னொரு பக்கம் மாக்சிம் குவிர்கோவ் வேறு ஸ்கிரிப்ட் வைத்து இன்னொரு மாற்று வழியைக் காட்டினார். எது சரியாக மாற்றுகிறது என்று 2019 டிசம்பர் வரை வாதம் நடந்தது. கடைசியில் ரெப்போசர்ஜன் வழியே போனார்கள்.

“கிட் மிரர்தான் ஏற்கெனவே இருந்ததே, அதையே வெச்சுக்கிட்டா என்ன?” என்று எனக்கும் தோன்றியது. இருந்தது உண்மைதான். ஆனால் அதில் என் ரெப்போவில் இருந்த அதே வியாதி இருந்தது, சின்ன அளவில். எஸ்.வி.என். ஒரு கமிட்டுக்கு ஒரே ஒரு யூசர்நேம்தான் எழுதி வைக்கும். ஜி.சி.சி.க்குப் பேட்ச் அனுப்பும் எல்லாருக்கும் உள்ளே எழுதும் அனுமதி கிடையாது. வெளியாள் ஒருவர் மாசக்கணக்கில் உழைத்து ஒரு பிழையைத் திருத்தி அனுப்புவார். அனுமதி உள்ள ஒருவர் அதை உள்ளே போடுவார். போட்டவர் பேர்தான் பதிவாகும். கிட்டில் எழுதியவர், சேர்த்தவர் என்று இரண்டு பேருக்கும் தனித்தனி இடம் உண்டு. அந்த இடத்தை யார் பேரால் நிரப்புவது?

விடை சேஞ்ச்லாக் ஃபைல்களில் இருந்தது. ஜி.சி.சி.யில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேதி, எழுதியவர் பேர், மெயில் என்று கையாலேயே எழுதி வைக்கும் பழக்கம் அப்போது இருந்தது. கணக்குப்பிள்ளை பேரேடு மாதிரி. ஜோசப் மையர்ஸ், ரிச்சர்ட் எர்ன்ஷா எல்லாம் ரேமண்டோடு சேர்ந்து உட்கார்ந்து, அந்தப் பேரேட்டைப் படிக்க வைத்து, எழுதியவர் பேரை அவரவர் கமிட்டுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். பழைய கமிட்களின் தலைப்பு வரி ஒன்றும் புரியாமல் இருந்த இடங்களில், பக்ஸில்லாவில் அந்தப் பிழைக்கு இருந்த தலைப்பைக் கொண்டுவந்து வைத்தார்கள். இதைப் படித்தபோது எனக்குக் காது சூடானது. அவர்கள் முன்பின் பார்க்காத ஒருவரின் பேருக்காக இவ்வளவு மெனக்கெட்டார்கள். நான் எனக்கு மெஸ்ஸில் டீ வாங்கிக் கொடுத்த சீனியர்களின் பேரையே அழித்திருக்கிறேன்.

நம்பர் விஷயமும் சொல்லணும். எஸ்.வி.என்.னை ஓல்டு மாடல் என்று கிண்டல் பண்ணுகிறோம். ஆனால் அதில் 611, 612 என்று வரிசையாக ஏறும் ரிவிஷன் நம்பர் ஒரு சுகம். போனில் வாய்விட்டுச் சொல்லலாம். எது முன்னாடி, எது பின்னாடி என்று கேட்காமலே தெரியும். கிட்டில் நாற்பது எழுத்து ஹாஷ். அதை யாரிடம் வாயால் சொல்வது? ஜி.சி.சி. இதையும் விடவில்லை. மாற்றிய ஒவ்வொரு கமிட்டின் அடியிலும் அதன் பழைய எஸ்.வி.என். நம்பரை எழுதி வைத்தார்கள். பத்து வருஷம் முந்தைய பிழை அறிக்கையில் பழைய நம்பர் இருந்தாலும், அதைப் பிடித்துக்கொண்டு புது ரெப்போவில் சரியான இடத்துக்குப் போகலாம். புது கமிட்களுக்கும் ஆர்11 என்று ரிலீஸைச் சொல்லி, அதோடு ஒரு வரிசை எண்ணைச் சேர்த்துக் கூப்பிட வழி செய்தார்கள். ஒரு சார் ரிட்டயர் ஆகிறார் என்றால் பீரோ சாவியிலிருந்து ஸ்டாக் ரிஜிஸ்டர் வரை சார்ஜ் ஒப்படைத்துவிட்டுத்தானே போவார், அது மாதிரி. நான் பண்ணது, சாரை கேட்டுக்கு வெளியே தள்ளி பீரோவை எடைக்குப் போட்ட கதை.

இதை நம் கிளப்பில் சொன்னபோது நண்பன் ஒருத்தன் மடக்கினான். “டேய், லினஸே அதைத்தான் பண்ணாரு.” சரியான அடி. லினக்ஸ் கெர்னல் 2002லிருந்து பிட்கீப்பரில் இருந்தது. 2005ல் அதை இலவசமாகப் பயன்படுத்தும் வாய்ப்பு போனதும், லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதினார். 2005 ஏப்ரலில் கெர்னலை அதில் போட்டபோது பழைய சரித்திரத்தைச் சேர்க்கவில்லை. 17,000-க்கும் மேற்பட்ட ஃபைல், ஒரே கமிட், அவர் பேரில். இன்றைக்கும் கெர்னலின் பழைய வரிகளில் பிளேம் போட்டால் அந்தச் சுவரில் போய் முட்டும்.

ஆனால் அந்தக் கமிட்டின் மெசேஜைப் படித்துப் பாருங்கள். முழு சரித்திரமும் கையில் இருக்கிறது, இப்போதைக்குச் சேர்க்கவில்லை, சேர்த்தால் 3.2 ஜி.பி. வரும், வேண்டுமென்றால் பிறகு தனியாக ஒரு ரெப்போ செய்துகொள்ளலாம் என்று அவர் அங்கேயே சொல்லியிருக்கிறார். பிறகு மற்றவர்கள் அதைச் செய்தும் வைத்தார்கள். விட்டது என்ன, அது எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டு விடுவது வேறு. என் மெசேஜில் இருந்தது இரண்டு வார்த்தை, அதிலும் ‘ஃபர்ஸ்ட்’ என்பது பொய்.

ஓபன் பி.எஸ்.டி. இன்னும் சி.வி.எஸ்.ஸிலேயே இருக்கிறது என்று ஒருத்தன் பெருமையாகச் சொன்னான். நான் அந்தக் கட்சி இல்லை. எஸ்.வி.என்.னை விட்டது சரிதான். புதுசாகச் சேரும் ஜூனியருக்கு கிட் தெரியும், எஸ்.வி.என். தெரியாது, லேப் பூட்டியிருந்தால் வேலையே நடக்காது. ஜி.சி.சி. எடுத்துக்கொண்ட நாளும் அதிகம்தான் என்று எனக்குப் படுகிறது. ஆனால் என் சண்டை அந்த இருபது நிமிஷத்தோடு. எஸ்.வி.என்.னிலிருந்து கிட்டுக்கு சரித்திரத்தோடு மாற்ற கிட்டிலேயே ஒரு கமாண்ட் இருக்கிறது. எந்த யூசர்நேம் யாருடையது என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல் எழுதிக் கொடுத்தால் போதும், பேரை அதுவே போட்டுக்கொள்ளும். நம் சைஸ் ரெப்போவுக்கு ஒரு ராத்திரி வேலை. நான் கூகுளில் தேடக்கூட இல்லை.

இப்போது நிலவரம். அந்த டெஸ்க்டாப் கண்டெம்ன்டு லிஸ்டில் போய், மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. லேப் அண்ணாவிடம் கெஞ்சி ஹார்ட் டிஸ்கை மட்டும் கழற்றி வாங்கினோம். மொத்தம் 874 ரிவிஷன். 611 வரைக்கும் சுத்தமாக வந்துவிட்டது. அதற்கு மேல் டிஸ்க் படிக்க மாட்டேன் என்கிறது. நல்ல வேளையாக அக்காவின் தமிழ் எழுத்து வேலை மொத்தமும் 611க்குள் இருக்கிறது. இரண்டு செகண்டுக்கான நாலு வரி விளக்கம் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது.

இந்த 611ஐயும் ரெப்போவின் அடியில் கோர்க்கப் போகிறோம். அப்படிச் செய்தால் இப்போது இருக்கும் எல்லா ஹாஷும் மாறும், ஜூனியர்கள் எல்லாரும் மறுபடி குளோன் பண்ணணும். இரண்டு பேர் ஏற்கெனவே முறைத்துக்கொண்டு திரிகிறார்கள். புராஜெக்ட் ரிவியூ நேரத்தில் இது தேவையா என்று கேட்கிறார்கள். தேவை. நான் ஏப்ரலில் கிளம்பிவிடுவேன், எனக்குப் பிறகு இந்த டிஸ்கைப் பற்றி யாருக்கும் நினைவிருக்காது.

ஒரே சிக்கல் யூசர்நேம் லிஸ்ட். ஒன்பதில் ஆறு பேரைக் கண்டுபிடித்தாச்சு. ‘அட்மின்’, ‘நெட்லேப்07’ இரண்டும் லேபில் பலர் சேர்ந்து பயன்படுத்திய லாகின் போல. அதை அப்படியே அதே பேரில் விடப் போகிறோம். மூன்றாவது ‘குட்டிப்பிசாசு’. 143 கமிட், பெரும்பாலும் ராத்திரி ஒரு மணிக்கு மேல். ஆன்-ஸ்பாட் ரெஜிஸ்ட்ரேஷன் முழுக்க இவர் கைவேலை. அண்ணனா அக்காவா, எந்த டிபார்ட்மென்ட் என்றுகூடத் தெரியவில்லை. இதைப் படிக்கும் சீனியர் யாருக்காவது தெரிந்தால் கிளப்புக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். மாசக் கடைசி வரை புஷ் பண்ணாமல் காத்திருக்கிறேன்.