'நெகட்டிவ்'னு வந்த ரிப்போர்ட்டைக் கடைசி வரி வரைக்கும் படிச்சீங்களா?

1/ கடலூர் முதுநகர்க்காரர் ஒருத்தர், வயசு 34. மலத்தில் ரத்தம். மூலம்னு நினைச்சு ஒரு வருஷம் கைவைத்தியம். கொலோனோஸ்கோப்பி செய்து பார்த்தால் பெருங்குடல் முழுக்க நூற்றுக்கணக்கில் பாலிப். அப்பா 41 வயசில் குடல் புற்றுநோயில் போயிட்டார். 'எல்லாம் சிப்காட் காத்து'ன்னு வீட்டில் பேச்சு. சிப்காட் மேல எனக்கும் கோபம் உண்டு. ஆனா இது அந்தக் கணக்கில் வராது. இது பரம்பரை.

2/ நோயின் பெயர் எஃப்.ஏ.பி. காரணம் ஏ.பி.சி என்ற ஜீன், 1991-ல் கண்டுபிடித்தார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50% வாய்ப்பு. கவனிக்காமல் விட்டால் 40 வயசையொட்டி ஏறக்குறைய எல்லாருக்கும் புற்றுநோய். 10-12 வயசிலிருந்தே ஸ்கோப் பார்த்து, சரியான நேரத்தில் குடலை எடுத்துவிட்டால் தப்பிக்கலாம்.

3/ அவருக்கு ஜீன் டெஸ்ட் எடுத்தாங்க. ரிசல்ட் 'நெகட்டிவ்'. சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்ட தங்கச்சிக்கு என்ன சொன்னாங்க தெரியுமா? 'அண்ணனுக்கே நெகட்டிவ், உங்களுக்கு எதுக்கும்மா டெஸ்ட்?' அவங்களுக்கு 14, 11 வயசில் ரெண்டு பிள்ளைங்க.

4/ ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி: பெரிய நீக்கங்களும் இரட்டிப்புகளும் இந்தப் பரிசோதனையில் தெரியாது. நோயாளி படிக்கலை. சரி. எழுதிக் கொடுத்த டாக்டரும் படிக்கலையே!

5/ சிதம்பரத்துக்காரங்களுக்குத் தெரிந்த கதையிலேயே சொல்றேன். கோயில் அறையில் கிடந்த தேவார ஏடுகளில் பெரும்பகுதியைச் செல்லரித்துவிட்டது என்பார்கள். மிஞ்சிய ஏடுகளில் எழுத்துப்பிழை மட்டும் தேடினால் 'பிழையே இல்லை'ன்னுதான் சொல்வோம். போன ஏடு போனதுதான். எத்தனை ஏடு இருக்குன்னு எண்ணினால்தான் தெரியும்.

6/ ஜீனிலும் அதேதான். நமக்கு ஏ.பி.சி இரண்டு பிரதி: அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒன்றில் ஒரு துண்டே காணாமல் போனால், எழுத்து எழுத்தாகப் படிக்கும் டெஸ்ட் மற்ற பிரதியைப் படித்துவிட்டு 'நார்மல்' என்கும். எண்ணுவதற்குத் தனி டெஸ்ட் இருக்கு: எம்.எல்.பி.ஏ. 2002-லிருந்து இருக்கு. ஒவ்வொரு பகுதியும் 2 இருக்கணும். 1 வந்தால் நீக்கம், 3 வந்தால் இரட்டிப்பு.

7/ 'அபூர்வம் சார், அதுக்காக எல்லாருக்குமா?' ஏ.பி.சி பழுதுள்ள குடும்பங்களில் சுமார் பத்தில் ஒன்றுக்கு இந்த வகைதான். இது அபூர்வமா?

8/ 'புது என்.ஜி.எஸ் மெஷின் எல்லாத்தையும் பிடிச்சிடும்.' பெரிய நீக்கத்தைப் பிடிக்கலாம், அதுவும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான். சின்னத் துண்டு தப்பிவிடும். பார்த்தீங்களா இல்லையான்னு முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுங்க. பார்க்காததுக்கு 'நெகட்டிவ்'னு பேர் வைக்காதீங்க.

9/ 'செலவு?' ஒருத்தருக்குப் பழுது எதுன்னு தெரிந்துவிட்டால், சொந்தக்காரர்களுக்கு அதை மட்டும் பார்த்தால் போதும். இல்லாதவங்க ஆயுசு முழுக்க ஸ்கோப்புக்கு அலைய வேண்டாம். டெஸ்ட்டை அரைகுறையா விடுறதுதான் பெரிய செலவு.

10/ அவருக்கு மறுபடி எம்.எல்.பி.ஏ செய்தோம். நீக்கம் இருந்தது. தங்கச்சிக்கும் இருந்தது, ஸ்கோப்பில் பாலிப்கள், நல்லவேளை புற்று இன்னும் இல்லை. பெரிய பையனுக்கு இருக்கு. சின்னவளுக்கு இல்லை. அந்த ஒரு 'இல்லை'யை நம்பலாம், ஏன்னா எதைத் தேடணும்னு தெரிந்து தேடினோம்.

11/ நீங்க கேட்க வேண்டியது ஒரே கேள்வி: 'நீக்கம், இரட்டிப்பு பார்த்தாச்சா?' பார்த்தும் நெகட்டிவ்னா மியூட்டிஒய்ஹெச் ஜீனையும் பார்க்கச் சொல்லுங்க. எதுவுமே கிடைக்காட்டியும் குடலில் பாலிப் இருப்பது நிஜம். ரத்த உறவுகள் ஸ்கோப்பை நிறுத்தக் கூடாது.

12/ அரசுக்கு ஒரு வார்த்தை. அண்ணாமலை நகர் மருத்துவக் கல்லூரி 2021-ல் அரசுக் கல்லூரி ஆச்சு. மெஷின் வாங்கித் தரச் சொல்லலை. வாரத்தில் ஒரு நாள் மரபணு ஆலோசனை, ரத்தத்தை வெளி லேபுக்கு அனுப்ப ஒரு ஏற்பாடு. அது போதும். பயணம் போக வேண்டியது ரத்தக் குழாய். நோயாளி இல்லை.