பட்டப்பெயர்

ஸ்கூலில் உங்களுக்கு வைத்த பட்டப்பெயர் ஞாபகம் இருக்கிறதா? எனக்கு 'ஒட்டடைக்குச்சி'. போன மாசம் பஸ் ஸ்டாண்டில் யாரோ அதைச் சொல்லிக் கூப்பிட, முப்பத்தஞ்சு வயசு ஆசாமி சட்டென்று திரும்பிவிட்டேன். இருபது வருஷத்துக்கு முந்தைய கிளாஸ்மேட்!

அன்றைக்கு ராத்திரி 'மூன்லைட்' (2016) படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். அமெரிக்காவில், மயாமி நகரத்து லிபர்ட்டி சிட்டி என்கிற கறுப்பினத்தவர் பேட்டையில் வளரும் ஒரு பையனின் கதை. மூன்று பாகம், மூன்று நடிகர்கள். முதல் பாகத்தின் தலைப்பு 'லிட்டில்'. பொடியன்! துரத்தித் துரத்தி அடிக்கும் பசங்க வைத்த பெயர். மூன்றாவது 'பிளாக்'. இது நண்பன் வைத்தது. சொந்தப் பெயரான 'ஷைரோன்' பாவம், நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறது. கடைசி பாகத்தில் ஆள் தோள் புடைத்து, தங்கப்பல் மாட்டி, போதை மருந்து விற்கிறான். உள்ளே அதே பொடியன். தன் மனசு ஓர் ஆணிடம் போனதை யாரிடமும் சொல்ல முடியாத பொடியன்.

டைரக்டர் பாரி ஜென்கின்ஸ் அதே பேட்டைக்காரர். மூலக்கதை எழுதிய டாரல் ஆல்வின் மெக்ரேனியும் அப்படியே. இரண்டு பேர் அம்மாக்களும் போதையில் சிக்கியவர்கள். படத்தில் வரும் அம்மா வெறும் கற்பனை இல்லை. ஜென்கின்ஸின் முதல் படம் 2008-ல். அடுத்ததற்கு எட்டு வருஷம். நடுவில் தச்சு வேலைகூடப் பார்த்திருக்கிறார் மனுஷன்.

ஒரு காட்சி. அந்த அம்மாவுக்கு வந்து சேரும் சரக்கை விற்கிற கும்பலின் தலைவனே, கடலில் பையனின் தலையைத் தாங்கிப் பிடித்து நீச்சல் கற்றுக்கொடுக்கிறான். நடித்த சிறுவனுக்கு நிஜமாகவே நீச்சல் தெரியாது. மஹர்ஷலா அலி கேமரா ஓட ஓடக் கற்றுக்கொடுத்தார். அவரைக் கெட்டவன் என்பதா, நல்லவன் என்பதா? ஒரே பெயரில் அடங்குகிற ஆசாமி இல்லை.

2017 ஆஸ்கர் மேடையில் சிறந்த படம் என்று முதலில் வேறொரு படத்தின் பெயரை வாசித்துத் தொலைத்தார்கள். அங்கேயும் தப்புப் பெயர்! பிறகுதான் திருத்தினார்கள்.

பஸ் ஸ்டாண்ட் ஆசாமிக்கு நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "டேய் கரிச்சட்டி! எப்படிடா இருக்கே?" அவனும் சிரித்தான். கொஞ்சம் லேட்டாக.

படம் முடிந்தபிறகு அவனுடைய நிஜப் பெயரை யோசித்துப் பார்த்தேன். விடிய விடிய வரவில்லை.