பாதி விலையில் பழைய சொகுசு கார்... காலையில ஒரு பக்கம் சாய்ஞ்சு நிக்குதா? செலவு அங்கேதான் இருக்கு!

டெல்லியில் 10 வருஷம் தாண்டிய டீசல் கார், 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் கார்களுக்கு பங்க்கில் எரிபொருள் கிடையாது என்று 2025 ஜூலை 1-ல் வந்த தடை நினைவிருக்கும். எதிர்ப்பு கிளம்ப, சில நாட்களிலேயே அது நிறுத்தப்பட்டது. ஆனா, சொகுசு காரை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டோம் என்று சிலர் புலம்பிய பதிவுகள் வைரலாகின. அந்த விலையைப் பார்த்து, 'நாமளும் ஒண்ணு வாங்கினா என்ன?' என்ற ஆசை பலருக்கு.

வாங்குறதுக்கு முன்னாடி சஸ்பென்ஷனைப் பாருங்க. 1998-ல் வந்த மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் தொடங்கி, பல சொகுசு கார்களில் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று அடைத்த ரப்பர் பைகள் இருக்கு. கார் எவ்வளவு உயரத்தில் நிற்குது என்பதை சென்சார் சொல்லும். கம்ப்ரஸர் காற்றை அனுப்பும். எந்த சக்கரத்துக்கு எவ்வளவு என்பதை கம்ப்யூட்டர் முடிவு செய்யும்.

ரப்பருக்கு வயசானா வெடிப்பு விடும். ராத்திரி முழுக்க காற்று கசிந்து, காலையில் கார் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். ஸ்டார்ட் பண்ணினா சில நிமிஷத்தில் எழுந்துடும். அதனால, நீங்க போகும்போதே இன்ஜின் சூடா இருந்தா கொஞ்சம் சந்தேகப்படுங்க. முதல் நாள் நிறுத்தின காரை மறுநாள் காலையில் போய்ப் பார்க்கிறதே நல்லது.

கசிவை ஈடுகட்ட ஓடி ஓடியே கம்ப்ரஸர் எரிந்துபோகும். பலரும் அதை மட்டும் மாத்துறாங்க. பை ஓட்டையாவே இருந்தா, புது கம்ப்ரஸருக்கும் அதே கதிதான். ரிலேவையும் சேர்த்து மாத்தணும். அதன் விலை ரொம்பக் கம்மி. ஆனா அது ஒட்டிக்கிட்டா கம்ப்ரஸர் நிற்காம ஓடி எரியும். மாத்தினதும் ஸ்கேனர் வைத்து உயரத்தை அளவு செய்யணும். இல்லைன்னா டயர் ஒரு ஓரமாகத் தேயும்.

மின்சாரத்தில் இயங்கும் ஷாக் அப்சார்பர் இருக்கிற காரில் சாதாரணதைப் போட்டாலோ, காற்றுப் பையைக் கழற்றி இரும்பு ஸ்பிரிங் மாட்டினாலோ செலவு குறையும்தான். டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும், அந்த மெத்தை மாதிரி ஓட்டமும் போயிடும். அப்புறம் எதுக்கு சொகுசு கார்?

இன்னொண்ணு: காற்றுப் பையை நம்பி காருக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. காற்று இறங்கினா மொத்த காரும் இறங்கும். ஜாக்கி, ஸ்டாண்ட் வைத்த பிறகுதான் கை வைக்கணும்.