எப்படி வெட்டினாய் என்று கேட்கும் ஆட்டம்

'ஹாக் அண்ட் ஸ்லாஷ்' என்றதும் பலருக்கும் நினைவில் வருவது ஒரே காட்சிதான்: வாளோடு ஒருவன், எதிரே அலையலையாக அரக்கர்கள், ஒரே பட்டனை விடாமல் தட்டும் கட்டைவிரல். மூளைக்கு வேலையில்லாத ஆட்டவகை என்ற பழியும் அதோடு ஒட்டிக்கொண்டது. ஜப்பானின் காப்காம் நிறுவனம் 2019 மார்ச் 8 அன்று வெளியிட்ட 'டெவில் மே கிரை 5' ஆட்டத்தில் ஒரு மணி நேரம் ஊன்றியவர்கள் அந்தப் பழியை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இந்த வகையின் பெருமையும் குறையும் ஒரே இடத்தில் இவ்வளவு தெளிவாகத் தெரிவது அபூர்வம்.

தொடர் பிறந்த கதையே சுவையானது. முதல் ஆட்டத்துக்கான வேலை 'ரெசிடென்ட் ஈவில் 4' என்ற பெயரில்தான் தொடங்கியது. அந்தத் திகில் தொடரின் இயல்புக்கு ஒட்டாமல் போகவே, 2001இல் தனி ஆட்டமாக வந்தது. அதே நிறுவனத்தின் 'ஒனிமுஷா'வில் ஒரு பிழை இருந்தது: வெட்டுப்பட்ட எதிரி கீழே விழாமல், அடுத்தடுத்த வெட்டில் அந்தரத்திலேயே மிதந்தான். இயக்குநர் ஹிடெகி கமியாவுக்கு அந்தப் பிழையில் ஒரு புதிய சண்டைமுறை தெரிந்தது. எதிரியை மேலே தூக்கி, தரையைத் தொடவிடாமல் அடிப்பது இன்றுவரை இந்தத் தொடரின் உயிர்நாடி.

ஹிடெயாகி இட்சுனோ இயக்கிய ஐந்தாம் பாகத்திலும் எதிரி செத்தால் மட்டும் போதாது. திரையோரத்தில் டி, சி, பி, ஏ என்று தொடங்கி எஸ்எஸ்எஸ் வரை ஏறும் மதிப்பெண் ஒன்று உண்டு. அடித்த அடியையே திரும்பத் திரும்ப அடித்தால் அது ஏறாது. அடி வாங்கினால் சரியும். பட்டனைக் கண்மூடித் தட்டுகிறவர் ஜெயிக்கலாம், ஆனால் எஸ் எழுத்தைப் பார்ப்பது கடினம். நாம் ஆடும் மூன்று நாயகர்களில் ஒருவனான நீரோ சண்டையிடும்போது ஒலிக்கும் 'டெவில் டிரிக்கர்' பாட்டின் பல்லவிகூட அந்த எழுத்தை எட்டிய பிறகுதான் முழு வேகத்தில் வெடிக்கிறது. பாட்டை ஆடிச் சம்பாதித்த உணர்வு ஆடுபவருக்கு வந்துவிடுகிறது.

நீரோவின் வாளான ரெட் குயினில் மோட்டார் சைக்கிள்போல முறுக்கும் பிடி இருக்கிறது. வெட்டு முடியும் அந்தக் கணத்தில் முறுக்கினால் அடுத்த வெட்டில் தீப்பறக்கும். கணம் தப்பினால் வெறும் வெட்டுதான். மிருதங்கக்காரர் தாளத்தைக் கைக்குள் வைத்திருப்பதுபோல, விரல் தானாகவே கணக்குப் பழகும்வரை பயிற்சி வேண்டும். இரண்டாமவன் டான்டேவிடமோ நான்கு சண்டைப் பாணிகள். ஓடும்போதே, குதிக்கும்போதே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவலாம். இரண்டாகப் பிளந்து இரு கைகளிலும் சுழலும் மோட்டார் சைக்கிளும் அவன் ஆயுதங்களில் ஒன்று! புதியவர்களுக்குத் தானியங்கி உதவியும், ஆழம் தேடுபவர்களுக்குப் பயிற்சிக் கூடமும் இருக்கின்றன.

இவ்வளவு நுணுக்கமான சண்டைக்குக் கிடைத்த களம்தான் ஏமாற்றம். ரெட் கிரேவ் நகரின் இடிந்த தெருக்கள் தொடக்கத்தில் கண்ணைக் கவர்கின்றன. போகப்போக, நகரை விழுங்கிய கிளிஃபோத் என்னும் ராட்சத மரத்தின் வயிற்றுக்குள், ஒன்றுபோலவே இருக்கும் சதைநிறச் சுரங்கங்களில் நடந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துவிடும். 2001இன் முதல் ஆட்டத்தில் மாலட் தீவின் கோட்டை ஒவ்வொரு அறையாக மனத்தில் பதிந்தது. அந்த அக்கறை இங்கே காணவில்லை.

மூன்றாமவன் வி. கருஞ்சிறுத்தையையும் பறவையையும் ஏவிவிட்டு, தான் விலகி நிற்பான். கடைசிக் குத்து மட்டும் அவன் கைத்தடியால். கற்பனை அழகுதான். ஆனால் சண்டை தொலைவில் நடப்பதால் அடி விழும் அதிர்ச்சி விரலுக்கு வந்து சேர்வதில்லை, கேமராவும் அடிக்கடி திணறுகிறது. நீரோவின் இயந்திரக் கைகளிலும் சிக்கல் உண்டு: கையில் இருப்பதை இழந்தால்தான் வரிசையில் அடுத்தது வரும், வேண்டியதை வேண்டிய நேரத்தில் எடுக்க வழியில்லை.

இவற்றைவிடப் பெரிய குறை, நல்லதை ஒளித்துவைப்பது. மொத்தம் 20 கட்டங்கள். டான்டே முழுமையாகக் கைக்கு வருவதற்குள் ஏறத்தாழ பாதிக் கதை முடிந்துவிடுகிறது. தேர்ந்தவர்களுக்கு ஏற்ற கடினநிலையோ ஆட்டத்தை ஒருமுறை முடித்த பிறகே திறக்கிறது. ஒருமுறை ஆடிவிட்டு மூடிவைப்பவர்கள் எளிய பதிப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். திறமைகளை வாங்க உதவும் சிவப்பு உருண்டைகளை நிஜப் பணத்துக்கும் விற்றது தேவையே இல்லாத வேலை; பழகிப் பெறவேண்டிய கலை என்று சொல்லும் ஆட்டத்தில் அதற்கு இடமே இருந்திருக்கக் கூடாது.

2020 நவம்பரில் வந்த சிறப்புப் பதிப்பு, டான்டேவின் அண்ணன் வெர்ஜிலை ஆடக் கொடுத்தது. கணக்குப் பிசகாமல் வெட்டும் அவன் வாள்வீச்சை ஆடிப் பார்க்கவே மறுபடியும் முதலிலிருந்து தொடங்கலாம். அவன் நடந்துபோவதும் அதே மரத்தின் அதே சுரங்கங்களில்தான்.