மகள் எழுதுவதை வாசிக்க யார் இருக்கிறார்?

பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் படிக்கும் தன் மகளைப் பற்றி ஒரு தாய் கேட்டிருந்தார். உயர்தரத்தில் சிறந்த பெறுபேறு பெற்ற பிள்ளை. பக்கம் பக்கமாக மனனஞ் செய்து எழுதியவள். இப்பொழுது விரிவுரையாளர், "இதுபற்றி உமது கருத்தை இரண்டு பக்கத்தில் எழுதி வாரும்" என்றால், விடுதி அறையில் வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு இரவு முழுக்க இருக்கிறாளாம். கடைசியில் மேல் வகுப்பு மாணவி ஒருத்தியின் பழைய ஒப்படையை வாங்கிப் பிரதிபண்ணிக் கொடுத்துவிடுகிறாளாம். "பிள்ளைக்கு அறிவு மங்கிவிட்டதா மௌலவி?" என்பது அந்தத் தாயின் கேள்வி.

அறிவு மங்கவில்லை, சகோதரியே. பதின்மூன்று வருடங்களாக அந்தப் பிள்ளை ஒருவருக்கு மாத்திரமே எழுதி வந்திருக்கிறாள். அவர், விடையை முன்கூட்டியே அறிந்து வைத்திருக்கும் பரீட்சகர். அறிந்தவரிடம் அறிந்ததையே சொல்லும் வேலை பரீட்சை மண்டபத்தைத் தவிர வேறெங்கே நடக்கிறது? விலை தெரியாதவர்தான் கடையில் விலை கேட்பார். எங்கள் பிள்ளைகள் எழுதுவதையோ, அதை அறிய விரும்பி எவரும் வாசிப்பதில்லை. பிழை பிடிக்கவே வாசிக்கிறார்கள்.

நமது குடும்பங்களில் ஒரு காலம் இருந்தது. 1980களில் வாப்பா சவூதியிலோ குவைத்திலோ இருப்பார். ஐந்தாம் வகுப்போடு பாடசாலையை விட்ட உம்மா, நீல நிற ஏரோகிராமை எடுத்து மேசையில் விரிப்பார். சுகம் விசாரித்துத் தொடங்கி, மாடு கன்று போட்டது, கூரையில் ஓடு உடைந்தது, சின்னவனுக்குப் பல் முளைத்தது என்று எழுதி, இடம் போதாமல் மடிக்கும் ஓரத்திலும் எழுதுவார். தமிழெழுத்து வராத மூதாட்டிகள் அதற்கு முன்பு அரபுத்தமிழிலே கடிதம் எழுதினார்கள். அவற்றில் எழுத்துப்பிழை இல்லையா? இருந்தது. ஆனால் வாசித்தவருக்கு வீட்டு முற்றம் கண்ணில் தெரிந்தது. ஐந்தாம் வகுப்பு உம்மாவுக்கு வந்த எழுத்து, மூன்று 'ஏ' எடுத்த மகளுக்கு வரவில்லை என்றால், வேறுபாடு படிப்பில் இல்லை. உம்மாவின் கடிதத்திற்காக ஒருவர் காத்திருந்தார்.

இந்த உண்மையை அமெரிக்கக் கல்லூரிகள் நெடுங்காலம் பிந்தித்தான் கண்டுகொண்டன. அங்கே எந்தத் துறையைக் கற்க வந்தாலும், பெரும்பாலான கல்லூரிகளில் முதலாம் வருடத்திலே 'எழுத்து வகுப்பு' என்று ஒன்று உண்டு. ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 1885ஆம் ஆண்டளவில் அதனை முதலாம் வருடத்தாருக்குரிய பாடமாக வைத்தது. அதே பல்கலைக்கழகத்தில் பரட் வென்டெல் என்ற ஆசிரியர், தினமும் கண்டதைப் பற்றிச் சிறிதாக ஒரு குறிப்பு எழுதித் தரும்படி தம் மாணவரைப் பழக்கினார். நல்ல பழக்கந்தான். ஆயினும் வாசிப்பவர் அங்கும் ஆசிரியரே.

மாற்றம் 1970களில் வந்தது. 1970இல் நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம், நகரத்து உயர்பாடசாலைகளில் படித்துத் தேறிய எவருக்கும் இடமுண்டு என்று கதவைத் திறந்தது. கறுப்பின மக்களின் பிள்ளைகள், புவேர்ட்டோரிக்கப் பிள்ளைகள், குடியேறியோர் பிள்ளைகள் என்று, குடும்பத்திலே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் பலர் வந்தார்கள். அவர்கள் எழுதியதைப் பார்த்த விரிவுரையாளர் சிலர், இவர்களுக்குக் கல்லூரி எதற்கு என்றார்கள். சிற்றி கல்லூரியில் கற்பித்த மினா ஷோனசி என்ற பெண்மணி அப்படிச் சொல்லவில்லை. அவர் ஏறத்தாழ நாலாயிரம் மாணவர் கட்டுரைகளை எடுத்து வாசித்து, ஒவ்வொரு பிழையும் எப்படிப் பிறந்தது என்று ஆராய்ந்தார். பிழைகள் அசட்டையால் வரவில்லை, அவற்றுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று 1977இல் நூலாக வெளியிட்டார். அடுத்த வருடமே மரணித்துவிட்டார்.

நம் பிள்ளைகளுக்கு இது அப்படியே பொருந்துகிறது. தமிழ்மொழி மூலம் உயர்தரம் வரை படித்து வந்தவள், பல பீடங்களில் திடீரென ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னே வரும் 'ஏ', 'த' என்ற சிறு சொற்கள் தமிழில் இல்லை. ஆகவே ஒரு பிள்ளை அவற்றை விட்டுவிடுகிறாள். இன்னொருத்தி கண்ட இடமெல்லாம் போடுகிறாள். இது முட்டாள்தனமா? ஒரு மொழியில் நின்று மறுமொழிக்குக் கால் வைப்பவள் தடுமாறுகிறாள், அவ்வளவுதான். முதல் மாதத்திலேயே தாள் முழுவதும் சிவப்பு மையால் நிரம்பினால், அடுத்த தடவை பிழை வராத சிறிய வாக்கியங்களை மட்டும் எழுதுவாள். அல்லது பிரதிபண்ணுவாள்.

1973இல் பீட்டர் எல்போ என்பவர், ஆசிரியர் இல்லாமலே எழுதப் பழகுவது பற்றி ஒரு நூல் எழுதினார். பத்து நிமிடம் பேனையைத் தூக்காமல், அடிக்காமல், திருத்தாமல் எழுதுவது அவருடைய முதற்பயிற்சி. பின்னர் சிலர் கூடியிருந்து ஒருவர் எழுதியதை மற்றவர் வாசிக்க வேண்டும். வாசித்தவர் நல்லது, கெட்டது என்று தீர்ப்புக் கூறுவதில்லை. "இந்த இடத்தில் எனக்குக் குழம்பியது", "இதை இன்னும் அறிய ஆசைப்பட்டேன்" என்று தம் மனதில் நடந்ததைச் சொல்வார். புரூக்ளின் கல்லூரியிலே கென்னத் புரூபி என்ற பேராசிரியரும் மாணவரை மாணவருக்கே உதவியாளராகப் பழக்கினார். இவ்வழியில் வந்த வகுப்புகளில் மாணவர் வாரந்தோறும் ஒரு பக்கம் எழுதுகிறார்கள். சக மாணவர் வாசித்துப் பதில் எழுதுகிறார்கள். ஒழுங்காக எழுதியதற்கே புள்ளி. அவற்றுள் ஒன்று பின்னர் வளர்க்கப்பட்டு, ஆதாரம் சேர்க்கப்பட்டு, பிழை திருத்தப்பட்டு, முறையான கட்டுரையாகிறது. இலக்கணம் அப்போது வருகிறது, முதலில் அல்ல.

கேட்டால் கையடக்கத் தொலைபேசியே கட்டுரை எழுதித் தரும் இந்நாளில் இம்முறைக்கு இன்னுமொரு பயன் உண்டு. இரவல் கட்டுரையைப் பரீட்சகரிடம் கொடுத்துவிடலாம். பக்கத்திலிருக்கும் தோழி, "இதால் நீ என்ன சொல்ல வந்தாய்?" என்று கேட்டால் யார் பதில் சொல்வது?

நமது அரபுக் கல்லூரிகளில் கட்டுரைப் பாடத்திற்கு 'இன்ஷா' என்று பெயர். ('இன்ஷா அல்லாஹ்' என்பதில் வருவது வேறு சொற்கள்.) இல்லாததை உண்டாக்குவது என்று அதற்குப் பொருள். பெயர் அப்படியிருக்க, ஆயத்தமான கட்டுரைகளை மனனஞ் செய்து ஒப்புவிக்கும் பாடமாகவே அது பல இடங்களில் நடக்கிறது. ஆனால் அதே மாணவர் தம் மன்றத்திற்காகக் கையெழுத்துச் சஞ்சிகை தயாரிக்கும்போது பாருங்கள்! உறங்காமல் எழுதுவார்கள். தோழன் வாசிப்பான் அல்லவா?

ஒரு விடயத்தில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. 'மனதில் உள்ளதை எழுது' என்றால், பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளை வீட்டுத் துயரத்தையும் எழுதிவிடுவாள். தன் திருமணப் பேச்சு முறிந்ததையும் எழுதிவிடுவாள். அது கை மாறிக் கை மாறி விடுதி முழுக்கப் போனால்? ஹயாவும் அமானிதமும் நமக்குப் புதியவை அல்ல. பிறர் எழுதியதை வாசிப்பவர் கையில் ஓர் அமானிதம் இருக்கிறது. இதை உணர்ந்த ஆசிரியர்கள் மாணவருக்கு ஓர் உரிமை கொடுத்திருக்கிறார்கள்: காட்ட விரும்பாத பக்கத்தை மடித்து வைக்கலாம், அல்லது கழற்றி எடுத்துவிடலாம், மடித்த பக்கத்தை ஆசிரியரும் திறவார். இந்த உறுதி இல்லாத வகுப்பிலே மகள் குடும்பக் கதையை எழுதத் தேவையில்லை. பஸ் பயணத்தைப் பற்றி, வாசித்த பாடத்தில் உடன்படாத ஓர் இடத்தைப் பற்றி எழுதட்டும். அதிலும் அவளுடைய கருத்து இருக்கும்.

கேள்வி கேட்ட தாய்க்கு ஒரு வேலை சொல்கிறேன். விரிவுரையாளர் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். மகளிடம் ஒரு சாதாரண கொப்பி வாங்கச் சொல்லுங்கள். தினமும் பத்து நிமிடம், முதலில் தமிழிலேயே எழுதட்டும். அறைத்தோழிகள் இருவர் சேர்ந்தால் இன்னும் நல்லது; கொப்பியை மாற்றி வாசிக்கலாம். லீவுக்கு வீட்டுக்கு வரும்போது அவளாகத் தந்தால் மட்டும் நீங்களும் வாசியுங்கள். அலுமாரியில் தேடி எடுக்க வேண்டாம். வாசித்துவிட்டு எழுத்துப்பிழையைச் சுட்ட வேண்டாம், "இந்த இடம் எனக்கு விளங்கவில்லை மகள், பிறகு என்ன நடந்தது?" என்று கேளுங்கள். "நான் படிக்காதவள், எனக்கென்ன தெரியும்" என்று ஒதுங்கவும் வேண்டாம். உங்களுக்குத் தெரியாது என்பதனால்தான் அவள் விளக்கி எழுத வேண்டியிருக்கும்.