கல்லும் வாயு, எத்திலீனும் வாயு: இரண்டும் ஒன்றா?

கேள்வி: வாழைத்தார் வாங்க வரும் வியாபாரி, கொட்டகையிலேயே கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்துக் கொடுக்கச் சொல்கிறார். "அரசு அனுமதித்த எத்திலீனும் இதே மாதிரி வாயுதான், கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்தது" என்கிறார். செய்யலாமா?
– வாழை விவசாயி, மாகறல், காஞ்சிபுரம் மாவட்டம்.

பதில்: வியாபாரி சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் ஆபத்து இருக்கிறது.

கார்பன் அணுவுக்கு நான்கு கைகள், ஹைட்ரஜனுக்கு ஒரே கை என்று வைத்துக்கொள்ளுங்கள். சாண எரிவாயுவில் உள்ள மீத்தேனில் ஒரு கார்பன் நான்கு ஹைட்ரஜனைப் பிடித்திருக்கிறது. இரண்டு கார்பன்கள் ஒரு கையால் பிடித்துக்கொண்டால் ஈத்தேன். அது பழத்தை ஒன்றும் செய்யாது. இரண்டு கைகளாலும் பிடித்தால் எத்திலீன். தட்டையான மூலக்கூறு. அந்த இரண்டாவது பிடி சற்றுத் தளர்வானது. காயின் செல்லில் எத்திலீனை ஏற்கும் புரதத்தில் ஒரு செம்பு அயனி இருக்கிறது. அது இந்தத் தளர்ந்த பிடியைப் பற்றிக்கொள்ளும்போதுதான் 'பழுக்கலாம்' என்ற செய்தி செல்லுக்குப் போகிறது. காய் தானே சுரப்பதும் இதே எத்திலீன்தான். பழைய மூட்டம் போடும் முறையிலும் புகையில் உள்ள எத்திலீனே வேலை செய்தது.

கார்பைடு கல்லில் ஈரம் பட்டால் வருவது அசிட்டிலீன். வெல்டிங் பட்டறையில் எரிவது இதுதான். இதில் கார்பன்கள் மூன்று கைகளால் பிடித்து, குச்சி போல நேராக நிற்கின்றன. செம்பு இதையும் பிடிக்கும், ஆனால் அரைகுறையாக. பட்டாணிச் செடியில் செய்த ஆய்வில், எத்திலீன் செய்யும் வேலையைச் செய்ய சுமார் 2,800 மடங்கு அசிட்டிலீன் தேவைப்பட்டது. அதனால்தான் கல்லை அள்ளி வைக்கிறார்கள். தோல் மஞ்சளாகும், உள்ளே துவர்ப்பு போகாது.

அதைவிடக் கெடுதல், கல்லோடு வரும் கலப்படம். வணிகக் கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கூட்டுப்பொருட்கள் இருக்கும். ஈரம் பட்டதும் அவையும் நச்சு வாயுவாக வெளிவரும். முதலில் சுவாசிப்பவர் கொட்டகையில் வேலை செய்பவர். பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். தீப்பொறி பட்டால் வெடிக்கவும் செய்யும்.

2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி கல் வைத்துப் பழுக்க வைத்த பழத்தை விற்பதே குற்றம். எத்திலீனை 2016 முதல் பத்து லட்சத்தில் 100 பங்கு வரை பயன்படுத்தலாம். சரக்கு உங்கள் கொட்டகையில் பிடிபட்டால் நீங்களும் பதில் சொல்ல வேண்டி வரலாம்.

அவசரமென்றால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறை இருக்கிறது. 5 லிட்டர் தண்ணீரில் 10 மி.லி. எத்தரல் கலந்து, வாய் அகன்ற பாத்திரத்தில் அறைக்குள் வைத்து, 2 கிராம் காஸ்டிக் சோடா வில்லைகளைப் போட்டதும் எத்திலீன் வெளிவரும். கையுறை அவசியம். அறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தார்களை அடுக்காமல், காற்றுப் புகாமல் மூடி, 12 முதல் 24 மணி நேரம் விடவும். விளக்கு, பீடி எதுவும் அருகில் கூடாது. எத்தரல் கரைசலில் காயை நேரடியாக முக்குவதற்கு அனுமதி இல்லை. முக்கால் பங்காவது விளைந்த தாரை மட்டும் வையுங்கள்; பிஞ்சுத் தாரை எந்த வாயுவாலும் பழமாக்க முடியாது.